பறவை வீட்டுக்குக் குச்சி எதற்கு

நான் செய்கிற பறவை வீடுகளில் எந்தப் பறவையும் குடியேற முடியாது. மொத்த உயரமே மூன்று அங்குலம், உள்ளே கெட்டி மரம், வாசல் என்று கண்ணுக்குத் தெரிவது கால் அங்குல ஆழத்தில் நின்றுபோகிற ஒரு குழி. உச்சியில் சின்ன வளையத் திருகாணி, அதில் ஒரு சிவப்பு நூல், கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டுவதற்கு. இங்கே ஓஹாயோவில் நவம்பர் பிறந்தால் பள்ளிக்கூட ஜிம்மிலும் சர்ச் ஹாலிலும் கைவினைச் சந்தை போடுவார்கள். ஒரு மேஜையை வாடகைக்குப் பிடித்து இவற்றை அங்கே பரப்பி வைப்பேன். பெரிய வருமானம் ஒன்றும் கிடையாது, மரமும் பிளேடும் வாங்கிய காசு போக மேஜை வாடகை தேறினால் சந்தோஷம். இதில் போய் என்ன தகராறு வந்துவிடப் போகிறது என்று நினைப்பீர்கள். வந்தது. வாசலுக்குக் கீழே நான் செருகி ஒட்டுகிற அரை அங்குலக் குச்சி ஒன்று உண்டு, பறவை வந்து உட்காருவதற்கு என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிற குச்சி. அது அங்கே இருக்கலாமா கூடாதா என்பதுதான் விஷயம், அதை யோசித்து யோசித்து இப்போது எங்கெங்கோ போய் நிற்கிறேன்.

முதலில் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யாரோ கேரேஜ் சேலில் தள்ளிவிட்ட பழைய ஸ்க்ரோல் சா என்கிற ரம்ப மெஷின்தான் என்னிடம் இருப்பது. ஐந்து அங்குல நீளத்தில் நூல் நூலாக பிளேடு, அது மேலும் கீழுமாக நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் கூட ஓடும், ஆனால் இருந்த இடத்தை விட்டு நகராது. மரத்தை நாம்தான் கையால் தள்ளியும் திருப்பியும் கோட்டின் மேல் கொண்டுபோக வேண்டும். விரல் பிளேடுக்கு வெகு பக்கத்தில் போகும், பார்க்கிறவர்களுக்குப் பதறும், ஆனால் மரம் அறுக்கிற மெஷின்களிலேயே இதுதான் சாது. நம் ஊரில் பிளைவுட்டில் பிள்ளையார் வெட்டுகிற ஃப்ரெட் ரம்பம் பார்த்திருப்பீர்களே, அதற்கு மோட்டார் மாட்டிய சொந்தக்காரர் இவர். மோட்டார் வருவதற்கு முன்னால் காலால் மிதித்து ஓட்டினார்கள். 1870களிலேயே இலினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் பார்ன்ஸ் கம்பெனி கால்மிதி ஸ்க்ரோல் சாக்களைச் செய்து விற்றுக்கொண்டிருந்தது. இந்த நாட்டுப் பழைய மரவீடுகளின் தாழ்வாரங்களில் லேஸ் தைத்தது போலத் தொங்குகிற மர வேலைப்பாடுகளைப் பார்த்தால், அது இந்த வகை ரம்பம் செய்த வேலை என்று தெரிந்துகொள்ளலாம்.

சின்னப் பறவை வீட்டை இதில் வெட்டுவதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது, நான் இந்த வேலையில் விழுந்ததே அதைப் பார்த்துத்தான். ஒன்றரை அங்குலச் சதுரக் கட்டை ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். காகிதத்தில் வரைந்த பேட்டர்னை நடுவில் மடித்து, கட்டையின் ஓரத்தில் மடிப்பு உட்காரும்படி, பக்கத்துப் பக்கத்து இரண்டு முகங்களிலும் ஒட்ட வேண்டும். ஒரு முகத்தில் வீட்டின் முன்தோற்றம், இன்னொன்றில் பக்கத் தோற்றம். வாசல் ஓட்டையையும் குச்சிக்கான ஓட்டையையும் கட்டை கட்டையாக இருக்கும்போதே டிரில் செய்துவிட வேண்டும், வெட்டி முடித்த பிறகு அது மேஜையில் சமமாக உட்காராது. அப்புறம் முதல் முகத்தை வெட்டுவது. இடது பக்கம் ஒரு துண்டு, வலது பக்கம் ஒரு துண்டு கழன்று வரும். அவற்றைத் தூக்கிப் போடக்கூடாது, ஏனென்றால் அடுத்த முகத்தின் பேட்டர்ன் அந்தக் கழிவுத் துண்டின் மேல்தான் ஒட்டியிருக்கிறது! எல்லாவற்றையும் பழையபடி சேர்த்து டேப் சுற்றினால் மறுபடியும் கட்டை. அதை ஒரு கால் திருப்புத் திருப்பி இரண்டாவது முகத்தை வெட்ட வேண்டும். வெட்டி முடித்தபோதும் கையில் இருப்பது ஒரு கட்டைதான், வெளியே ஒன்றுமே நடந்த மாதிரி தெரியாது. டேப்பை அறுத்துவிட்டு ஒவ்வொரு துண்டாக உதிர்த்தால், நடுவில் கூரையும் கழுத்தும் கூம்பு அடியுமாக நாலு பக்கமும் உருண்டு திரண்ட வீடு உட்கார்ந்திருக்கும். எத்தனை வெட்டினாலும் அந்த உதிர்க்கிற நேரம் எனக்கு அலுப்பதில்லை.

இதில் அவசரப்பட்டால் ஆகாது. ஒன்றரை அங்குலக் கனத்தில் மரத்தைக் கொஞ்சம் அழுத்தித் தள்ளினாலும் பிளேடு நடுவில் வில்லாக வளைந்துகொள்ளும். மேலே கோட்டின் மேல் சுத்தமாகப் போய்க்கொண்டிருக்கும், கீழே வேறு எங்கோ போயிருக்கும், பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பிளேடை மாட்டி விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், தொளதொளவென்று கேட்டால் இன்னும் முறுக்க வேண்டும். சாதாரண பிளேடுகளில் ஒரு ஓரத்தில் பிசிறு இருக்கும், அதனால் நேராகத் தள்ளினால் வெட்டு ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும், மரத்தைக் கொஞ்சம் சாய்த்தே தள்ளப் பழக வேண்டும். செர்ரி மரம் பார்க்க அழகு, ஆனால் சட்டென்று கருகும். பேட்டர்னுக்கு மேல் பார்சல் ஒட்டுகிற பளபள டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் கருகுவது வெகுவாகக் குறைகிறது. உப்புத்தாள் போட்டு, வேகவைத்த ஆளிவிதை எண்ணெய் ஒரு கை தடவினால் செர்ரி சிவந்து எழுந்துகொள்ளும். (எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், கதை இல்லை. விரித்துக் காயப்போட்டுத்தான் குப்பையில் போட வேண்டும்.)

கடைசி வேலைதான் குச்சி. பல்குச்சியை அரை அங்குலம் நறுக்கி, முனையில் ஒரு பொட்டுப் பசை வைத்துச் செருகுவது. அதுவரை ஏதோ ஒரு அலங்கார உருண்டையாக இருந்தது, குச்சி ஏறியதும் பறவை வீடாகிவிடும். இதை நான் சும்மா சொல்லவில்லை. குச்சி ஒட்டாத வீடுகளையும் ஒட்டிய வீடுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கண் தானாகக் குச்சி உள்ளதற்குத்தான் போகும்.

ஒரு வாடிக்கையாளர்

சந்தையில் என் மேஜைக்கு வந்த அந்தப் பெண்மணிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். ஒரு வால்நட் வீட்டைக் கையில் எடுத்து, கூரையைப் பார்த்து, அடியைப் பார்த்து, வெகு நேரம் திருப்பிக்கொண்டே இருந்தார். மரம் என்ன, எதால் வெட்டினேன் என்றெல்லாம் கேட்டார். பிறகு, "இது ரொம்ப நன்றாக இருக்கிறது. குச்சியை மட்டும் எடுத்துவிட்டுத் தர முடியுமா?" என்றார். உடைந்திருக்கிறதோ என்று வாங்கிப் பார்த்தேன், இல்லை. ஏன் என்று கேட்டதும்தான் அவர் ப்ளூபேர்ட் என்கிற சின்ன நீலப் பறவை கூடு கட்டுகிற பெட்டிகளைப் பராமரிக்கிறவர் என்று தெரிந்தது. ஊருக்கு வெளியே வயலோரமாகக் கம்பங்களில் வரிசையாகப் பெட்டிகள் மாட்டியிருக்கிறார்கள், வசந்தம் தொடங்கிக் கோடை முடியும் வரை வாரம் ஒரு முறை போய் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று குறித்து வருவது அவர் வேலை. சம்பளம் கிடையாது. அவரைப் போல நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். இதற்கென்றே 1978இல் லாரன்ஸ் ஸெலனி என்பவர் வட அமெரிக்க ப்ளூபேர்ட் சங்கத்தைத் தொடங்கினார், அதுவும் இன்றுவரை நடக்கிறது.

அவர் சொன்னது இதுதான். பொந்தில் கூடு கட்டுகிற எந்தப் பறவைக்கும் குச்சி தேவையில்லை. மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்தில் யார் குச்சி வைத்தார்கள்? ஓட்டையின் விளிம்பை நகத்தால் பற்றிக்கொண்டு நேராக உள்ளே போய்விடும். குச்சி இருந்தால் வசதி வீட்டுக்காரனுக்கு அல்ல, வாசலில் நின்று உள்ளே தலையை நீட்டி வம்பு செய்கிறவனுக்கு. அந்த வம்புக்காரன் யார் என்றும் சொன்னார். சிட்டுக்குருவி.

எனக்குச் சுருக்கென்றது. குருவியைச் சொன்னதற்கா, என் குச்சியைச் சொன்னதற்கா என்று அப்போது தெரியவில்லை. "இதற்கு உள்ளே இடமே கிடையாதே, அதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் விறைப்பாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன், கூட்டத்தில் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தேன். அவர் சிரித்தார். "உள்ளே இடமில்லாதது யாரையும் ஏமாற்றாது. இந்தக் குச்சி ஏமாற்றும்" என்றார். குழந்தைகள் மரத்தில் இதைப் பார்த்து வளர்கிறார்கள், பறவை வீடு என்றால் குச்சி இருக்கும் என்று மனத்தில் பதிகிறது, பிறகு கடைக்குப் போய்க் குச்சி வைத்த வர்ணப் பெட்டியாகப் பார்த்து வாங்கித் தோட்டத்தில் தொங்கவிடுகிறார்கள், அதில் குருவி குடியேறுகிறது, அப்புறம் அவரிடம் வந்து எங்கள் வீட்டுக்கு ஏன் ப்ளூபேர்ட் வருவதே இல்லை என்று கேட்கிறார்கள். கடைக்காரன் பறவையைப் பார்த்துப் பெட்டி செய்வதில்லை, உன் பொம்மையைப் பார்த்துச் செய்கிறான் என்பது அவர் கட்சி.

குச்சியைக் குறட்டால் பிடித்து இழுத்தேன், பசை விடவில்லை. கடைசியில் ஒட்ட நறுக்கிக் கொடுத்தேன். வால்நட்டின் கறுப்பில் பல்குச்சியின் அடிக்கட்டை வெள்ளையாக ஒரு புள்ளியாக நின்றது. அதுவே போதும் என்று வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றி நிறையப் படித்தேன், அவர் சொன்னது பெரும்பாலும் சரிதான். கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் ஆய்வகம் கூடுகளைக் கணக்கெடுக்கவென்றே ஒரு திட்டம் நடத்துகிறது, அவர்கள் கொடுக்கிற பெட்டி இலக்கணத்திலும் குச்சி வேண்டாம் என்றுதான் இருக்கிறது. குச்சியை விட முக்கியம் ஓட்டையின் அளவு. ஹவுஸ் ரென் என்கிற சின்னஞ்சிறு பறவைக்கு 1⅛ அங்குலம், அதற்குள் சிட்டுக்குருவியால் நுழைய முடியாது. கிழக்கத்திய ப்ளூபேர்டுக்கு 1½ அங்குலம். 1890இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கொண்டுவந்து விட்ட ஐரோப்பிய ஸ்டார்லிங் இன்று கண்டம் முழுக்க இருக்கிறது, அது பருமன், 1½ அங்குலம் அதைத் தடுத்துவிடும். ஆனால் ப்ளூபேர்ட் நுழைகிற ஓட்டையில் சிட்டுக்குருவியும் தாராளமாக நுழையும். அளவை வைத்து இந்த ஒரு பறவையைத் தடுக்க வழியே இல்லை. நுழைந்தால் முட்டையைக் குத்தும், சில சமயம் தாயையே உள்ளே வைத்துக் கொத்திக் கொன்றுவிட்டு அதன் மேலேயே தன் கூட்டைக் கட்டும். குச்சி இல்லாவிட்டாலும் இதைச் செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். குச்சியை எடுத்துவிட்டால் குருவி வராது என்று நம்பி யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம், அந்த அம்மாளும் அப்படி நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் வாரா வாரம் போகிறார். போகும்போது பெட்டியில் குருவிக் கூடு இருந்தால் பிய்த்து எறிகிறார். சட்டத்தில் அதற்குத் தடையில்லை. 1918இல் போட்ட வலசைப் பறவைச் சட்டம் ப்ளூபேர்டைக் காக்கிறது, வெளியிலிருந்து வந்ததால் சிட்டுக்குருவிக்கு அந்தக் காப்பு இல்லை. புழுக்களைத் தின்னும் என்று 1850களின் தொடக்கத்தில் புரூக்ளினில் ஆசை ஆசையாகக் கொண்டுவந்து விட்டவர்களும் இதே நாட்டுக்காரர்கள்தான்.

இங்கே வந்து குடியேறிய பறவை, இங்கே வந்து குடியேறிய நான் என்று ஒரு பத்தி எழுதலாம். எழுதினால் நன்றாகக்கூட வரும். வேண்டாம், நான் யார் கூட்டையும் பிடுங்கவில்லை, குருவியும் விசா எடுத்து வரவில்லை.

அம்மாவின் கட்சி

அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா இருப்பது தஞ்சாவூர்ப் பக்கம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் கூடத்தில் சிட்டுக்குருவி கூடு கட்டாத இடம் கிடையாது. சாமி படத்துக்குப் பின்னால், டியூப்லைட் பட்டிக்கு மேலே, ஃபேன் கம்பியின் உச்சியில் இருக்கிற கிண்ணத்தில். குஞ்சு பொரித்திருக்கிற நாட்களில் வேர்த்து வழிந்தாலும் ஃபேன் போடக்கூடாது என்பது சட்டம், அப்பாவே விசிறியோடுதான் உட்கார்ந்திருப்பார். இப்போது அந்தத் தெருவில் குருவியைத் தேட வேண்டியிருக்கிறது. மார்ச் 20 வந்தால் சிட்டுக்குருவி தினம் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அட்டைப் பெட்டியில் கூடு செய்யச் சொல்லிக்கொடுக்கிறார்கள், 2010இலிருந்து இந்த நாள் இருக்கிறது. அம்மாவும் பால்கனியில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறாள். வாங்கின நாளிலிருந்து காலியாகத்தான் கிடக்கிறது.

"குருவிக் கூட்டைப் பிச்சு எறியறாளா? பாவம்டி, அது சும்மா விடாது" என்றாள் முதலில். அது இன்னொரு பறவையைக் கொத்திக் கொல்கிறது அம்மா என்றேன். "நம்ம ஊர்க் குருவி அப்பிடியெல்லாம் செய்யாது" என்று முடித்துவிட்டாள். இரண்டும் ஒரே இனம்தான் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பிறகு வீடியோவில் குச்சி எடுத்த வீடு ஒன்றைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "ஏண்டி, குருவி எங்க உக்காரும்? வாசல்ல உக்கார ஒரு எடம் வேண்டாமா?" என்றாள்.

இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அம்மாவின் ஃபேன் கிண்ணத்துக்குக் குச்சி கிடையாது. சாமி படத்துக்குக் குச்சி கிடையாது. 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு பறவை முட்டையிட்டது என்று ஊரே ஒரு மாதத்துக்கு மேல் விளக்குப் போடாமல் இருட்டில் கிடந்ததே, அந்த சுவிட்ச் பெட்டியிலும் யாரும் குச்சி செருகி வைக்கவில்லை. கண் முன்னால் வருஷக் கணக்காகக் குருவி நேராகப் பறந்து போய் உள்ளே நுழைவதைப் பார்த்தவள் அம்மா, அவளுக்கே குச்சி இல்லாமல் மனசு ஒப்பவில்லை. அப்படியென்றால் கடையில் விற்கிற வர்ணப் பெட்டி பார்த்து வந்த பழக்கம் மட்டும் இல்லை இது. குச்சி என்பது திண்ணை. வீடு என்று ஒன்று இருந்தால் அதற்கு முன்னால் கொஞ்சம் உட்கார இடம் வேண்டும், வந்தவர் சட்டென்று உள்ளே நுழைந்துவிடக் கூடாது, உள்ளே இருப்பவரும் சும்மா வெளியே வந்து தெருவைப் பார்க்க வேண்டும். ஓஹாயோவிலும் ஆளுக்கு ஆள் முன்வாசல் தாழ்வாரத்தில் ஊஞ்சல் போட்டு வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே மனசுதான் இருக்க வேண்டும். நாம் பறவைக்கு என்று சொல்லி நமக்கு ஒரு வீடு கட்டுகிறோம். ப்ளூபேர்ட் பெட்டி பார்க்கிற அந்தப் பெண்மணிக்குக் கோபமும் அதில்தான்.

ஆனாலும் நான் செய்வது நகை மாதிரி ஒரு பொருள்தானே, பெட்டி இல்லையே என்று ஒரு வாதம் எனக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பொம்மை யானைக்கு எடை சரியாக இல்லை என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. என் மேஜையில் இதைவிடப் பெரிய பொய்யும் இருக்கிறது. பாதிப் பேர் குச்சியின் மேல் ஒரு சிவப்பு கார்டினல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கார்டினல் ஓஹாயோவின் மாநிலப் பறவை, இன்னும் ஆறு மாநிலங்களுக்கும் அதுதான். பனியில் சிவப்பாக உட்கார்ந்தால் வாழ்த்து அட்டைக்கு அதை விட்டால் வேறு பறவை கிடையாது. ஆனால் கார்டினல் பெட்டிக்குள் கூடு கட்டவே கட்டாது, புதர்க் கிளையில் கிண்ணம் போலக் கட்டும். அந்தப் பெண்மணியிடம் பிறகு ஒரு நாள் இதைச் சொன்னபோது, "கார்டினல் விஷயத்தில் நான் கையைத் தூக்கிவிட்டேன்" என்றார்.

நாலில் ஒரு பங்கு

வாதத்தை ஓரமாக வைத்துவிட்டு, உண்மையான ப்ளூபேர்ட் பெட்டியை அப்படியே நாலில் ஒரு பங்காகக் குறைத்தால் என்ன வரும் என்று ஒரு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு அநியாயத்துக்கு அழகாக வந்தது. உள்தரை 4 அங்குலச் சதுரம், முக்கால் அங்குலப் பலகையில் வெளியளவு 5½ அங்குலம், அதில் நாலில் ஒரு பங்கு 1⅜. என் ஒன்றரை அங்குலக் கட்டைக்குள் அடங்கிவிடுகிறது. வாசல் 1½ அங்குலம், அதில் நாலில் ஒரு பங்கு ⅜. என்னிடம் இருக்கிற ஃபார்ஸ்ட்னர் என்கிற டிரில் முனையின் அளவு சரியாக அதுவே. தரையிலிருந்து வாசல் ஏறக்குறைய 6 அங்குல உயரம், அது 1½ ஆகிறது. கூரை முன்பக்கம் சரிந்து, மழையும் பூனையின் கையும் வாசலுக்கு எட்டாதபடி நீண்டு நிற்க வேண்டும். குச்சி கிடையாது.

வெட்ட உட்கார்ந்தபோதுதான் வேடிக்கை. வளைவும் நெளிவுமாக இருக்கிற அலங்கார வீட்டை விட இந்த மொட்டைப் பெட்டியை வெட்டுவது கடினம். ஸ்க்ரோல் சா வளைவுக்குப் பிறந்தது. வளைவில் கோட்டை விட்டு ஒரு இழை விலகினாலும் உப்புத்தாள் அதை மறைத்துவிடும், பார்க்கிறவர் கண்ணும் வளைவோடு போய்விடும். நேர்கோட்டில் ஒரு இழை விலகினால் அங்கேயே தெரியும். மரத்தை அணைத்துத் தள்ளுவதற்கு இந்த மெஷினில் வேலி மாதிரி ஒரு சட்டம் இல்லை, பிளேடோ ஒரு பக்கமாக இழுக்கிறது, நாலு பக்கமும் நேராக வரவேண்டும் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்த வேண்டும். ஒரு மேஜை ரம்பத்தில் நிமிடத்தில் முடிகிற வேலை என்பது எனக்கும் தெரியும். ஆனால் டேப்பை அறுத்து உதிர்க்கிற சுகம் அதில் வராதே.

விற்றதா என்று கேட்டால், சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. தபால் பெட்டியா என்று ஒருவர் கேட்டார். கேமராவா என்று ஒரு பையன் கேட்டான். ஒரு சின்னப் பெண் ஓட்டைக்குள் சுண்டு விரலை விட்டுப் பார்த்துவிட்டு, பறவை எங்கே உட்காரும் என்று கேட்டாள், எனக்கு அம்மா ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. இதற்கு ஒரு விளக்கத் துண்டுச் சீட்டு அடித்துக் கூட வைக்கலாம் என்று தோழி சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை. பரிசுப் பொருளோடு பாடமும் சேர்த்துக் கொடுத்தால் யார் வாங்குவார்கள், நானே வாங்க மாட்டேன்.

கடைசியில் செய்தது இதுதான். மொட்டைப் பெட்டிகளின் அடியில் சூட்டுப் பேனாவால் 1½ என்று மட்டும் சுட்டு எழுதுகிறேன். வேறு ஒன்றும் இல்லை, பெயரும் இல்லை, ஊரும் இல்லை. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறவர்கள் விலை என்று நினைத்து, ஒன்றரை டாலரா என்று ஆச்சரியமாகக் கேட்கிறார்கள். இல்லை, நிஜப் பெட்டிக்கு ஓட்டை எத்தனை அங்குலம் என்று போட்டிருக்கிறேன் என்றால் பாதிப் பேர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், மீதிப் பேர் ஏன் அந்த அளவு என்று கேட்பார்கள், அதற்கப்புறம் பேச்சு தானாகப் போகும். அலங்கார வீடுகளில் குச்சியை நான் எடுக்கவில்லை. அவை ப்ளூபேர்ட் பெட்டி என்று எங்கும் சொல்லிக்கொள்வதில்லை, அடியில் எண்ணும் கிடையாது. இரண்டையும் ஒரே மேஜையில், ஒரே விலையில் வைக்கிறேன், குச்சி உள்ளது வேகமாகப் போகிறது. இது அரைகுறைச் சமாதானம் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போட மாட்டேன்.

அம்மாவுக்கு ஊருக்குப் போகும்போது செர்ரியில் ஒன்று செய்து எடுத்துப் போனேன், குச்சியோடு, நல்ல நீளமான குச்சி. அதைக் காலிப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். குருவி இன்னும் வரவில்லை, ஒரு நாள் மைனா வந்து கொத்திப் பார்த்ததாம்.

அந்தப் பெண்மணி இந்த ஆண்டும் வந்தார். மொட்டைப் பெட்டியைத் திருப்பி அடியில் இருந்த எண்ணைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை, நாலு எடுத்துக்கொண்டார், பெட்டி பார்க்கிற சக தோழர்களுக்குக் கொடுக்க. போகும்போது, ஹவுஸ் ரென்னுக்கு ஒன்று செய்து தருவாயா என்றார். 1⅛ அங்குலத்தை நாலால் வகுத்தால் 9/32. என் ஃபார்ஸ்ட்னர் பெட்டியில் கால் அங்குலத்துக்கு அடுத்து ⅜தான் இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. கால் அங்குலத்திலேயே போட்டுவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு நிமிடம் தோன்றியது. அவருக்குத் தெரியும், காலிப்பரை எடுத்து அளந்தாலும் அளப்பார். 9/32 முனை ஒன்றைத் தனியாக ஆர்டர் போட்டிருக்கிறேன்.